காய்ச்சல் காட்டில் எழுந்த அணை

கம்பம் பள்ளத்தாக்கு: உழைப்பின் வரலாறு – 9

தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை எப்படி உலுக்கியது என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான், மேற்கே ஓடிக் கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையோடு சேர்க்கும் பழைய யோசனைக்கு அரசாங்கம் காது கொடுத்தது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789இலேயே கண்ட கனவு அது. 1808இல் கேப்டன் கால்டுவெல் மலையேறிப் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1882இல் இந்தத் திட்டத்தின் பொறுப்பு பொறியாளர் ஜான் பென்னிகுயிக் கைக்கு வந்தது. 1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய்.

1887இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு பெரியாறு அணையைத் திறந்து வைத்தார். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அந்த மலையில் வேலை செய்தவர்களின் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். அணையின் கட்டுமானத் திறமை பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கட்டிய கைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

1850: வேலை வேண்டாம் என்றவர்கள்

பென்னிகுயிக்குக்கு முப்பத்தேழு ஆண்டு முன்பே, 1850இல், அங்கே ஒரு மண் அணை கட்ட முயற்சி நடந்தது. அது பாதியில் நின்றுபோனது. நின்றதற்குப் பதிவான காரணத்தைப் பள்ளத்தாக்கு மக்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அந்த இடம் உடம்புக்கு ஆகாது, அங்கே வேலை செய்ய வேண்டுமென்றால் கூலியைக் கூட்டிக் கொடுங்கள் என்று வேலையாட்கள் கேட்டார்கள். அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. வேலை கைவிடப்பட்டது.

கூலிப் பேராசையால் நல்ல திட்டம் நின்றுபோனது என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காட்டின் ஆபத்தை முதலில் சரியாக எடை போட்டவர்கள் அந்த வேலையாட்கள்தான். அவர்களிடம் வரைபடம் இல்லை, மருத்துவ அறிக்கை இல்லை. பக்கத்தில் படுத்தவன் காய்ச்சலில் நடுங்குவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஒரு வேலை ஆபத்தானது என்று சொல்லும் உரிமையும், ஆபத்து குறையாவிட்டால் வர மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் எந்தச் சட்டத்திலும் இல்லாத காலத்தில் அவர்கள் அதைச் சொன்னார்கள். கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய மலையில் வேலையிடப் பாதுகாப்புக்காக எழுந்த முதல் குரல்களில் ஒன்றாக அதைத்தான் நான் எண்ணுகிறேன். பின்னால் பெரிய அணைக்குத் திட்டம் போட்டபோது அந்தக் குரல் யார் காதிலாவது விழுந்ததா என்று பார்ப்போம்.

மலையில் ஒரு வேலைக்களம்

அணை கட்டிய இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 அடி உயரம். சுற்றிலும் ஊர் கிடையாது. யானை நடமாடும் காடு. பக்கத்து ரயில் நிலையம் என்று சொல்வதானால் அம்மையநாயக்கனூர். இன்றைக்கு அதைக் கொடைக்கானல் ரோடு என்கிறோம். அங்கிருந்து பெரியகுளம், தேனி, கம்பம், கூடலூர் வழியாக மாட்டு வண்டியில் அடிவாரம் வரவே நாள் கணக்காகும். அதன்பிறகு செங்குத்தான மலைப்பாதை. சென்னைப் பயனியர் படையின் 1ஆவது, 4ஆவது பிரிவுச் சிப்பாய்கள் வேலையில் ஈடுபட்டார்கள். ஆற்றைத் தடுக்கும் தற்காலிகத் தடுப்புகளுக்குக் கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தார்கள். கல் சுமக்கவும், மண் வெட்டவும், காரை குழைக்கவும் கீழ்நாட்டுக் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள்.

ஆற்றோடு நடந்த மல்லுக்கட்டு தனிக் கதை. அஸ்திவாரம் போட வேண்டுமானால் ஆற்றை ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். ஒதுக்கக் கட்டிய தடுப்புகளை மழைவெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் மறுபடி தண்ணீருக்குள் இறங்க வேண்டியவர்கள் அதே ஆட்கள்தான். மலை ஆற்றில் வெள்ளம் வருகிற வேகம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும்; மேலே எங்கோ பெய்த மழை காலடிக்கு வந்த பிறகுதான் தெரியும்.

அணையின் உடம்பு சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் ஆனது. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த பொடி. கூடலூர்ப் பக்கத்து அடிவாரத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல் மலைக்கு மேலே போனது. இந்தச் சுண்ணாம்பு வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். காளவாசலில் சுட்ட கல்லை எடுத்துத் தண்ணீர் தெளித்தால் அது சீறிக்கொண்டு கொதிக்கும். கொதிக்கும்போது தெறிக்கிற துளி கண்ணில் பட்டால் விழியின் மேல்தோல் வெந்து பார்வை போகும். நீற்றிய சுண்ணாம்பைச் சலிக்கும்போது எழும் தூசி மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். ஈரக் காரையில் நாள் முழுக்க நின்றால் பாதம் வெடித்து, விரலிடுக்கு புண்ணாகும். வீடு கட்டும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இது பழகிய சங்கதி. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆற்றுமட்டத்திலிருந்து 155 அடி உயரம், ஏறத்தாழ 1,200 அடி நீளம் உள்ள ஒரு சுவருக்கான காரை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவ்வளவும் மனிதக் கையையும் காலையும் தொட்டுத்தான் சுவரில் ஏறியது.

இன்னொரு பக்கம் சுரங்கம். தேங்கிய தண்ணீரை மலையைத் துளைத்துக் கிழக்கே விட வேண்டும். 5,704 அடி நீளத்துக்குப் பாறையைக் குடைந்தார்கள். பாறையில் குழி போட்டு வேட்டு வைத்து உடைக்கிற வேலை. சுரங்கத்துக்குள் வேட்டு வைக்கிறவனுக்கு மூன்று பயம் எப்போதும் உண்டு. வெடிக்காமல் நின்றுபோன குழியை அடுத்த ஆள் தெரியாமல் குத்திவிடுவது. வெடித்த பிறகு தளர்ந்து நிற்கிற கூரைக்கல் தலையில் இறங்குவது. புகை அடங்குமுன் உள்ளே போய் மூச்சுத் திணறுவது. நான்காவதாக ஒன்று உண்டு, அது உடனே தெரியாது: பாறைத்தூள் நுரையீரலில் படிந்து, பத்து இருபது வருஷம் கழித்து ஆளைத் தின்னும். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1882இல் திறந்த கோத்தார்டு ரயில் சுரங்கத்தில் 200 பேர் அளவுக்கு விபத்தில் இறந்தார்கள். அதற்கு மேல், அசுத்தமான சுரங்கத்துக்குள் கொக்கிப்புழு தொற்றி இரத்தசோகையில் நலிந்தவர்கள் ஏராளம். வேலை நடக்கும் இடத்தின் சுத்தமும் பாதுகாப்பில் சேர்ந்ததுதான் என்பதை உலகத்துக்குக் காட்டியது அந்தச் சுரங்கம்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

வெள்ளத்தையும் வெடியையும் கண்ணால் பார்க்கலாம். பெரியாற்றில் அதிகம் பேரைக் கொண்டுபோனது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. மலைக்காய்ச்சல் என்று மக்கள் சொன்ன மலேரியா.

காடு வெட்டி, மண் தோண்டி, ஆயிரக்கணக்கான பேர் குடிசை போட்டுத் தங்குகிற இடத்தில் மலேரியா பெருகும் விதம் இன்று நமக்குத் தெளிவாகத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அதைப் பரப்புகிற அனோபிலஸ் கொசு, புல் படர்ந்த ஓரமுள்ள தெளிந்த மலையோடைகளில் முட்டையிடும். மரத்தை வெட்டியதும் ஓடையில் வெயில் விழும், வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், கொசு பெருகும். ஏற்கெனவே காய்ச்சல் உள்ள ஒருவர் முகாமுக்கு வந்தால் போதும், கொசு அதை வரிசையாகப் படுத்திருப்பவர்களுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுருக்கமாகச் சொன்னால், வேலை செய்த விதமே நோயை வளர்த்தது.

ஆனால் 1887இல் இந்தச் சங்கிலி யாருக்கும் தெரியாது. காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை இரத்தத்தில் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1880இலேயே பார்த்துவிட்டார். அது மனிதனுக்குள் எப்படி வருகிறது என்பதே புதிர். சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றுதான் காரணம் என்று படித்தவர்களும் நம்பினார்கள். 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி, செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார். பெரியாறு அணை திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இந்த அறிவு வேலை தொடங்குமுன்பே வந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று காட்ட உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது. பெரியாற்று வேலை தொடங்கிய அதே காலத்தில், அமெரிக்கக் கண்டத்தின் இடுப்பான பனாமாவில் பிரெஞ்சுக்காரர்கள் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1881 முதல் 1889 வரை மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் விபத்தும் சேர்ந்து அங்கே ஏறத்தாழ 22,000 பேரைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். கம்பெனியே திவாலானது. 1904இல் அமெரிக்கர்கள் அதே வேலையை எடுத்தபோது, கொசுதான் காரணம் என்பது தெரிந்திருந்தது. கோர்காஸ் என்ற மருத்துவ அதிகாரி தேங்கிய நீரை வடித்தார், வடிக்க முடியாத இடத்தில் எண்ணெய் ஊற்றினார், குடியிருப்புகளுக்குக் கம்பிவலை அடித்தார். மஞ்சள் காய்ச்சல் ஒழிந்தது. மலேரியா வெகுவாகக் குறைந்தது. கால்வாய் 1914இல் திறந்தது. பனாமாவின் காடு மாறவில்லை, கூலியாட்களின் உடம்பும் மாறவில்லை. ஆபத்தை அது பிறக்கிற இடத்திலேயே தடுத்தார்கள், அவ்வளவுதான்.

கோடையில் வேலையை நிறுத்தியது

பெரியாற்றில் இருந்த பொறியாளர்களுக்குக் கொசுவின் சங்கதி தெரியாது. ஆனால் ஒன்றை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். கோடை மாதங்களில் காய்ச்சல் மிகக் கடுமையாகும். அந்த மாதங்களில் வேலையை நிறுத்தி, ஆட்களைக் கீழே அனுப்பிவிட வேண்டியிருந்தது. அதன்பிறகு மழை. ஆக ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்யக் கிடைத்தது வருஷத்தில் சில மாதங்களே. கட்டுமானம் எட்டு ஆண்டு இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலையிடப் பாதுகாப்பைப் படித்தவர்கள் இன்று ஒரு வரிசை சொல்வார்கள். முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் ஆளையும் ஆபத்தையும் பிரித்து வை. அதுவும் முடியாவிட்டால் நடுவில் தடுப்பு போடு. கையுறையும் முகக்கவசமும் கடைசி. பெரியாற்றுக் காட்டில் கோடையில் வேலையை நிறுத்தியது இந்த வரிசையின் இரண்டாம் படியில் நிற்கிறது. காய்ச்சலின் காரணம் தெரியாமலேயே ஆளைக் காய்ச்சலிலிருந்து பிரித்து வைத்தார்கள். 1850இல் வேலையாட்கள் தாமாக விலகிச் செய்ததை இப்போது நிர்வாகமே ஒழுங்காகச் செய்தது. அந்த எட்டு ஆண்டில் அதிகம் உயிர் காத்த முடிவு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. சாராயம். நாட்டுச் சாராயத்தின் மருத்துவ குணம் இல்லாமல் போயிருந்தால் இந்த அணை முடிந்திருக்காது என்ற கருத்தே அக்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. குளிருக்கும் காய்ச்சலுக்கும் அதுதான் தாங்கும் மருந்து என்று மேலே இருந்தவர்களும் நம்பினார்கள், குடித்தவர்களும் நம்பினார்கள். சாராயம் மலேரியாவைத் தொடுவதில்லை. வலியை மறக்கடித்து மறுநாள் வேலைக்கு எழுப்பும். உடம்பு தாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவது ஒரு வழி, உடம்புக்கு ஆபத்து வராமல் வேலையை மாற்றியமைப்பது இன்னொரு வழி. இந்த இரண்டும் பெரியாற்றில் ஒரே முகாமில் அருகருகே இருந்தன. அதற்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கின் உழைப்பு வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடக்கிற போட்டிதான்.

483

அணை கட்டும் காலத்தில் நோயால் இறந்து, அணைக்கு வடக்கே உள்ள கல்லறை நிலத்தில் புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்பது பதிவு.

இந்த எண்ணை நிதானமாகப் பார்க்க வேண்டும். இது நோயில் இறந்தவர்களின் எண்ணிக்கை. அங்கே புதைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. காய்ச்சலோடு மலையிறங்கி, கூடலூரிலோ கம்பத்திலோ அதற்கும் கிழக்கே தன் சொந்த ஊரிலோ போய்க் கண்ணை மூடியவர் இதில் வரமாட்டார். காய்ச்சல் முகாமோடு நிற்கிற நோய் அல்ல. மண்ணீரல் வீங்கி, இரத்தம் வற்றி, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்துதான் பலர் போவார்கள். ஆகவே 483 என்பதை அணை வாங்கிய உயிர்களின் குறைந்தபட்சக் கணக்காகத்தான் கொள்ள முடியும்.

பென்னிகுயிக்கை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். பாலார்பட்டியில் அன்றைக்கு அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டுச் சுவரில் சாமி படத்தோடு அவர் படமும் தொங்குகிறது. ஒரு பொறியாளருக்கு மக்கள் தந்த இப்படிப்பட்ட மரியாதை உலகத்திலேயே அரிது. அந்த மரியாதையில் ஒரு பங்கு அவரோடு மலையேறித் திரும்பி வராதவர்களுக்கும் உரியது. அவர்களில் பெரும்பாலோர் பெயர் நம் யார் வாயிலும் இல்லை.

சட்டம் மலையேறிய வேகம்

இறந்தவர் வீட்டுக்கு என்ன கிடைத்திருக்கும்? சட்டப்படி உரிமை என்று சொல்லக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. நூறு பேராவது வேலை செய்யும், இயந்திரம் ஓடும் ஆலைகளுக்கு மட்டும் அது. அதிலும் முக்கியமாகக் குழந்தைகளின் வேலை நேரம் பற்றியது. காட்டில் நடக்கும் அணை வேலைக்கு அதில் இடமில்லை. 1855ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, பிறர் தவறால் ஒருவர் இறந்தால் குடும்பத்தார் வழக்குப் போடலாம். தவறு யாருடையது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். காய்ச்சலுக்கு யார் மேல் வழக்குப் போடுவது?

தவறு யாருடையது என்று பாராமல், வேலையில் காயம்பட்டவனுக்கு வேலை கொடுத்தவன் ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை பிரிட்டனில் 1897இல் சட்டமானது. ராஸ் கொசுவுக்குள் கிருமியைக் கண்டுபிடித்த அதே வருஷம். இந்தியாவுக்கு அது வர மேலும் 26 ஆண்டு ஆயிற்று. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923இல் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் அமலானது. அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. காண்டிராக்டர் மூலம் ஆள் வைத்தாலும், வேலையின் உண்மையான சொந்தக்காரர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றது அது.

நஷ்டஈட்டின் பெரிய பயன் பணத்தில் மட்டும் இல்லை. ஒரு விரல் போனால் இவ்வளவு, ஓர் உயிர் போனால் இவ்வளவு என்று வேலை கொடுப்பவரின் கணக்குப் புத்தகத்தில் செலவாக ஏறும்போதுதான், இயந்திரத்துக்குத் தடுப்புப் போடுவது லாபம் என்று அவருக்குப் புரிகிறது. 1887இல் ஒரு கூலியாள் இறந்தால் அடுத்த ஆளைத் தேடுவது மட்டுமே செலவு.

அதே மலை, இன்றைய வேலை

பெரியாற்றுத் தண்ணீர் பள்ளத்தாக்கை இருபோக வயலாக்கியது. ஆனால் மலையேறிப் பிழைக்கும் வழக்கம் நிற்கவில்லை. அணைக்கு அடுத்து ஏலத் தோட்டம். இன்றைக்கும் இருட்டு விலகுமுன் கூடலூர், கம்பம், தேவாரம், போடி ஊர்களில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். "அக்கா, கொஞ்சம் ஒட்டி உட்காருங்க, இன்னும் ரெண்டு பேர் ஏறணும்" என்று டிரைவர் சொல்வார். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருவார்கள். கொண்டை ஊசி வளைவில் பாரம் கூடிய ஜீப் எந்தப் பக்கம் சாயும் என்பது ஏறுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படிச் சாய்ந்து குடும்பத்தையே இழந்த வீடுகள் இந்த ஊர்களில் உண்டு.

தோட்டத்துக்குள் வேறொரு ஆபத்து: மருந்து அடிப்பது. ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். மேலே மர நிழல், காற்று புகாத இடம். பேரலில் மருந்தைக் கலக்கி, மோட்டார் போட்டு, குழாயைத் தூக்கிக்கொண்டு தூர் தூராகப் போய் அடிக்க வேண்டும். அடித்த சாரல் இலையில் பட்டுத் திரும்பி அடிக்கிறவர் தலையிலேயே இறங்கும். கைலி நனையும். நனைந்த கைலியோடு மதியச் சோறு. இந்த மருந்துகளில் பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். நரம்புக்கும் தசைக்கும் நடுவே செய்தியை நிறுத்துகிற நொதியை முடக்கிவிடும். எச்சில் ஊறும், வியர்க்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், முற்றினால் மூச்சு நிற்கும். தலைசுற்றல் என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பவர் இந்த வரிசையின் முதல் படியில் இருக்கலாம்.

பூச்சிமருந்துக்குச் சட்டம் வந்ததும் சாவுக்குப் பிறகுதான். 1958இல் பாலிடால் என்று நாம் அறிந்த மருந்து உணவில் கலந்து கேரளத்திலும் தமிழகத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதையொட்டி நடந்த விசாரணையின் விளைவாக 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் மருந்து கையாள்வதற்கான பாதுகாப்பு அத்தியாயம் சேர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு உடை, குளிக்கும் வசதி, மருத்துவப் பரிசோதனை, பெண்களை மருந்து வேலையில் விடுவதைத் தடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லை 5 ஹெக்டேரும் 15 ஆட்களுமாக இருந்தது. அதற்குக் கீழே இருந்த சிறு ஏலத் தோட்டங்களில் மருந்து அடித்தவரை அந்த அத்தியாயம் எட்டவில்லை.

பெரியாற்றுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்றைக்குக் கொசுதான் கொல்கிறது என்று தெரியாது. இன்றைக்கு எது கொல்கிறது என்று எல்லாம் தெரியும். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று தெரியும். மருந்து அடித்த தோட்டத்துக்குள் உடனே போகக் கூடாது என்று தெரியும். ஆகவே தெரியாமல் நடந்தது என்ற சமாதானம் நம் காலத்துக்குச் செல்லாது.

செய்ய வேண்டியது

மூன்று காரியங்கள் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஒன்று: ஜீப்பும் மருந்தும் தோட்ட முதலாளியின் பொறுப்பில் வர வேண்டும். ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற வண்டி, மருந்து அடித்த பாத்தியில் அன்றைக்குக் காய் எடுக்க ஆளை விடாத ஒழுங்கு, அடிப்பவருக்கு முழுக்கை உடையும் குளிக்கத் தண்ணீரும். வேலையை மாற்றியமைப்பது முதலில், கவசம் அதற்குப் பிறகு. மாஸ்க் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணுவது, சாராயம் ஊற்றிக் கொடுத்த காலத்தின் மிச்சம்.

இரண்டு: காயம்பட்டவர் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். விபத்து கேரளத்தில் நடந்தால் வழக்கும் அங்கேதான் என்று நினைத்து விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1995இல் செய்த திருத்தம், தொழிலாளியோ அவர் குடும்பமோ வசிக்கிற பகுதியின் ஆணையரிடமே மனுக் கொடுக்கலாம் என்று சொன்னது. கேட்க இரண்டு ஆண்டு அவகாசமும் அந்தச் சட்டம் கொடுத்தது. இப்போது அமலுக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் பயண விபத்தையும் நிபந்தனைகளோடு வேலை விபத்தாகக் கருதுகிறது. ஜீப்பில் போகிறவர்களுக்கு இது மிக முக்கியமான வரி. ஊர்ப் பஞ்சாயத்திலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் இதை உரக்கப் படிக்க வேண்டும்.

மூன்று: அந்த 483 பேர். ஆவணங்களில் அவர்கள் பெயர்கள் எங்கே இருந்தாலும் அரசு அவற்றைத் தேடி எடுத்து, லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் கல்லில் பொறிக்க வேண்டும். பெயர் கிடைக்காதவர்களுக்கு எண்ணையாவது பொறிக்க வேண்டும். அடுத்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கும் ஊர்க்காரர்களிடம் என் வேண்டுகோள் இது: பென்னிகுயிக்குக்கு மாலை போடும் முன், அணை கட்டி இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். அதே மேடையில், அந்த வருஷம் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பாத உங்கள் ஊர்க்காரர்களின் பெயரையும் வாசியுங்கள்.

(தொடரும்)